‘இனிய வாழ்வு’: குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் யார்?



நள்ளிரவில் ரோம் நகரின் ட்ரெவி நீரூற்றுக்குள் ஒரு நடிகை இறங்கி நிற்கும் கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்கள் எங்கேனும் கண்டிருப்பீர்கள். காபிக் கடைகளின் சுவரிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அது தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் காட்சி இடம்பெற்ற திரைப்படம் ‘லா டோல்சே வீட்டா’. ‘இனிய வாழ்வு’ என்பது அதன் பொருள். இத்தாலிய இயக்குநர் ஃபெடரிகோ ஃபெல்லினி 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட இப்படம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும். அவ்வாண்டே கான் திரைப்பட விழாவின் தலையாய விருதைப் பெற்றது.

இத்தகைய படங்களைப் பற்றிப் பேச்செழும்போது நம்மவர்கள் இரு அணியாகப் பிரிந்துவிடுகின்றனர். ஓர் அணியினர், “மேற்குலகின் ஒழுக்கக்கேட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மதுவும் கூத்தும் விபச்சாரமும்தானே!” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வர். மற்றோர் அணியினர், பெரும்பாலும் இளையோர், படத்தைப் பார்க்காமலேயே அதன் பெயரைத் தம் விடுமுறைப் புகைப்படங்களுக்குத் தலைப்பாக இட்டு மகிழ்வர். இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பதே என் வாதம். இருவருமே நீரூற்றை மட்டும் பார்க்கின்றனர். நீரூற்றைச் சுற்றிக் கேமராவோடு காத்திருந்தவர்களை அவர்கள் பார்க்கவில்லை.

இன்பத்தில் மூழ்கியவர்கள் இப்படத்தில் நிறையவே வருகிறார்கள். ஆயினும் படம் தொடுக்கும் வழக்கு அவர்கள்மீது மட்டும் தொடுக்கப்பட்டதன்று. அவர்களைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்கள், அந்த வேடிக்கையைப் படம்பிடித்து விற்பவர்கள், காலையில் காசு கொடுத்து அதை வாங்குபவர்கள் ஆகியோர்மீதே அவ்வழக்கின் பெரும்பகுதி உள்ளது. மதுக்கடைப் பக்கமே போகாத ஒரு நல்ல மனிதர்கூட அந்த மூன்றாவது வரிசையில் தாராளமாக இடம்பெறலாம். நமக்கு இப்படத்தோடு உள்ள தொடர்பு அங்கேதான் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு அமர்ந்து இப்படத்தைப் பாருங்கள் என்று நான் பரிந்துரைக்கவில்லை. இறுதிப் பகுதியில் வரும் விருந்துக் காட்சி பிள்ளைகளுக்கு உரியதன்று. பெரியவர்களுக்கும் அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால், பார்க்காமலேயே கண்டிப்பதற்கும், என்னவென்று அறிந்து விலகி நிற்பதற்கும் வேறுபாடு உண்டு.

படத்தின் முதற்காட்சி இது. ஒரு ஹெலிகாப்டர், கைகளை விரித்த இயேசுவின் சிலையைக் கம்பியில் தொங்கவிட்டபடி ரோம் நகரின்மீது பறக்கிறது. கீழே பண்டைய ரோமர் கட்டிய நீர்ப்பாலத்தின் இடிபாடுகள். அவற்றைத் தாண்டினால் புதிதாக எழும்பும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். சிலைகளைப் பற்றியும், ஈஸா (அலை) அவர்களைப் பற்றியும் நமது கொள்கை வேறு என்பதைச் சொல்லத் தேவையில்லை. நாம் கவனிக்க வேண்டியது அதன் பின்னால் வரும் இரண்டாவது ஹெலிகாப்டரை. அதில் இருப்பவர்கள் ஒரு பத்திரிகையாளரும் அவருடைய புகைப்படக்காரரும். தம் சமயத்தார் வணங்கும் ஒன்று முன்னே செல்ல, இவர்கள் இருவரும் மொட்டைமாடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் பெண்களிடம் தொலைபேசி எண் கேட்டுச் சைகை காட்டுகிறார்கள். இயந்திர இரைச்சலில் எவர் சொல்வதும் எவருக்கும் கேட்கவில்லை. சமயம் இவர்களுக்கு ஒரு செய்தி. சேகரித்துக் கொடுத்துவிட்டு நகர வேண்டிய சரக்கு.

அந்தப் பத்திரிகையாளனின் பெயர் மார்செல்லோ. மார்செல்லோ மாஸ்ட்ரோயானி என்ற நடிகர் அவ்வேடத்தை ஏற்றார். புகைப்படக்காரனின் பெயர் பாப்பராசோ. பிரபலங்களைத் துரத்திப் படமெடுப்பவர்களை இன்று உலகெங்கும் ‘பாப்பராசி’ என்று அழைக்கின்றனர் அல்லவா? அச்சொல் இந்தப் பாத்திரத்தின் பெயரிலிருந்து பிறந்ததே. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் கிஸ்ஸிங்கின் பயண நூலொன்றில் வரும் விடுதிக்காரரின் பெயரிலிருந்து அதை எடுத்ததாக, திரைக்கதையில் பங்கேற்ற என்னியோ ஃப்ளயானோ கூறியிருக்கிறார். பெயர் எங்கிருந்து வந்தாலும் ஆள் கற்பனையல்ல. தாட்சியோ செக்கியாரோலி என்ற ரோம் நகரப் புகைப்படக்காரரையும் அவருடைய தோழர்களையும் கண்டே ஃபெல்லினி அப்பாத்திரத்தை உருவாக்கினார்.

இனி, “இது மேற்குலகின் நோய், நமக்கென்ன?” என்று கேட்கும் சகோதரர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி. செக்கியாரோலிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த இரவுகளுள் ஒன்று, 1958 ஆகஸ்ட் மாதத்தில் வந்தது. ரோமின் வியா வெனெட்டோ வீதியில், தெருவோர உணவு விடுதியில் அமர்ந்திருந்த ஒருவரைப் புகைப்படக்காரர்கள் சூழ்ந்துகொண்டு படமெடுக்க, அவர் சினந்து அவர்கள்மேல் பாய்ந்தார். அந்தச் சினமே நல்ல படமாயிற்று. பாய்ந்தவர் யார் தெரியுமா? எகிப்தின் மன்னராக இருந்த ஃபாரூக். அல்அஸ்ஹர் அமைந்த கெய்ரோவிலிருந்து ஆண்ட முஸ்லிம் மன்னர், 1952 ஜூலையில் அரியணையிழந்து இத்தாலிக்குக் கப்பலேறினார்; உணவிலும் சூதாட்டத்திலும் எஞ்சிய காலத்தைக் கழித்தார். 1965 மார்ச்சில் ரோம் நகர உணவகமொன்றில் இரவு உணவுக்குப் பின் சரிந்து விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 45.

ஃபாரூக்கின் வாழ்க்கையை நியாயப்படுத்த நான் வரவில்லை. அவருடைய கணக்கு அவருடைய இறைவனிடம் உள்ளது. கேட்க விரும்புவது வேறு: அந்த இரவில் தவறு செய்தவர் ஃபாரூக் மட்டுந்தானா? அரசிழந்த ஒரு மனிதர் உண்பதை ஒளிந்திருந்து படமெடுத்தவர் யார்? அதை அச்சிட்டவர் யார்? மறுநாள் அதை வாங்கி, “பார், எப்படி இருந்தவர் எப்படி ஆகிவிட்டார்!” என்று நாக்கைச் சப்புக்கொட்டியவர் யார்? திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம், 12ஆம் வசனத்தில், தவறான எண்ணத்தையும் பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் ஒருசேரத் தடுக்கிறது. பாவம் செய்பவர்களைத் துருவலாம், பிரபலமானவர்களைத் துருவலாம் என்ற விதிவிலக்கு அதில் இல்லை. நாமோ ஒரு நடிகையின் மணமுறிவையும் ஒரு விளையாட்டு வீரரின் வீட்டுச் சண்டையையும் வரி விடாமல் படித்துவிட்டு, இறுதியில் ஓர் ‘அஸ்தஃபிருல்லாஹ்’ சொல்லிக் கைகழுவிவிடுகிறோம்.

அன்றைய இத்தாலியின் நிலையையும் சற்று அறிந்துகொள்ள வேண்டும். போரில் தோற்று, பசியில் கிடந்த நாடு பதினைந்தே ஆண்டுகளில் எழுந்து நின்றது. தொழிற்சாலைகள் பெருகின, கார்களும் ஸ்கூட்டர்களும் வீதிகளை நிறைத்தன, 1954இல் தொலைக்காட்சி வந்தது, 1960இல் ரோம் ஒலிம்பிக் விளையாட்டுகளை நடத்தியது. செலவு குறைவு என்பதால் அமெரிக்கப் படநிறுவனங்கள் ரோமின் சினெசித்தா படப்பிடிப்புத் தளத்தை நாடி வந்தன; ‘பென்ஹர்’ அங்கேதான் எடுக்கப்பட்டது. அவர்களோடு நடிகர்களும், நடிகர்களைத் துரத்துபவர்களும் வியா வெனெட்டோவுக்கு வந்து சேர்ந்தனர். வறுமையில் தாங்கி நின்ற ஒரு சமூகம் வசதி வந்ததும் எதைத் தேடத் தொடங்குகிறது என்பதே ஃபெல்லினி எழுப்பிய கேள்வி. கடல் கடந்து பொருளீட்டி, ஒரே தலைமுறையில் ஓட்டு வீட்டிலிருந்து மாடி வீட்டுக்கு ஏறிய குடும்பங்கள் நம்மில் பல. அக்கேள்வி நமக்கு அந்நியமானதன்று.

படம் வெளியானபோது கத்தோலிக்கத் திருச்சபையின் தரப்பில் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. வத்திக்கானின் நாளிதழான லொஸ்ஸெர்வாத்தோரே ரொமானோ அதைச் சாடித் தள்ளியது. மிலான் நகரத் திரையிடலில் ஒருவர் ஃபெல்லினியின்மீது காறி உமிழ்ந்தார். நாடாளுமன்றம்வரை பேச்சு சென்றது. ஆனால் அதே மிலானில், சான் ஃபெதெலே மையத்தைச் சேர்ந்த இயேசு சபைப் பாதிரியார்கள் சிலர் படத்தை ஆதரித்து நின்றனர். அதற்காகத் தம் மேலிடத்தின் சினத்தையும் தேடிக்கொண்டனர். எதிர்த்தவர்கள் ஆடையையும் ஆட்டத்தையும் பார்த்தார்கள். ஆதரித்த பாதிரியார்கள் அதற்குப் பின்னே இருந்த வெறுமையைப் பார்த்தார்கள். நம்மில் ‘மேற்கத்தியக் குப்பை’ என்று ஒதுக்குபவர்கள், தாம் அறியாமலேயே, வத்திக்கான் நாளிதழின் 1960ஆம் ஆண்டுத் தலையங்கத்தை மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது ஒரு வேடிக்கை.

மார்செல்லோ யார்? சிற்றூரிலிருந்து தலைநகருக்கு வந்தவன். நல்ல நூலொன்று எழுத வேண்டும் என்பது அவன் ஆசை. வயிற்றுப்பாட்டுக்குப் பிரபலங்களின் வம்புச் செய்திகளை எழுதுகிறான். அவனை நம்பி வாழும் எம்மா என்ற பெண் மனமுடைந்து மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டு மருத்துவமனையில் கிடக்கும்போது, அங்கிருந்தே வேறொருத்திக்குத் தொலைபேசியில் அழைப்பு விடுக்கிறான். ஊரிலிருந்து தந்தை வருகிறார். மகனோடு அமர்ந்து பேசுவதற்கு மாறாக இரவு விடுதிக்குப் போகிறார். உடல்நலம் குன்றிய நிலையில் விடிவதற்குள் வண்டியேறிவிடுகிறார். “இருங்கள், பேசுவோம்” என்ற மகனின் மன்றாட்டு எடுபடவில்லை. தந்தையும் மகனும் ஓர் இரவு முழுதும் ஒன்றாக இருந்தும் ஒரு சொல் உருப்படியாகப் பேசிக்கொள்ளவில்லை. படத்தின் இறுதியில் மார்செல்லோ எழுத்தாளனும் அல்லன், பத்திரிகையாளனும் அல்லன். காசு கொடுப்பவரைப் புகழ்ந்து செய்தி வரச்செய்யும் விளம்பர முகவன். கொலை, கொள்ளை எதுவும் அவன் செய்யவில்லை. ‘நாளை’ என்று சொல்லிச் சொல்லியே கரைந்துபோனான். நம் முன்னோர் ‘கஃப்லத்’ என்று எச்சரித்த மறதி இதுவேதான்.

அவன் மதித்த ஒரே மனிதர் ஸ்டெய்னர். கல்விமான். தேவாலயத்தில் ஆர்கன் என்னும் இசைக்கருவியில் பாஃகின் இசையை மீட்டுவார். அழகிய வீடு, அன்பான மனைவி, இரண்டு சிறு குழந்தைகள், அறிஞர் கூடும் மாலைகள். இடியோசையையும் பறவைகளின் குரலையும் ஒலிநாடாவில் பதிந்து வைத்து விருந்தினருக்குப் போட்டுக் காட்டுகிறார். ஒருநாள் அந்த மனிதர் தம் இரு குழந்தைகளையும் சுட்டுக் கொன்றுவிட்டுத் தம்மையும் மாய்த்துக்கொள்கிறார். காரணம் இன்னதென்று படம் விளக்குவதில்லை. கல்வியும் கலையும் பண்பாடும் இருந்தால் போதும், உள்ளம் நிறைந்துவிடும் என்று நம்பும் நம் படித்த வகுப்பார் அக்காட்சியைக் கடந்து செல்வது எளிதன்று.

அதைவிடக் கடினமானது அடுத்து வரும் காட்சி. ஸ்டெய்னரின் மனைவி வெளியே சென்றிருக்கிறார். நடந்தது அவருக்குத் தெரியாது. வீடு திரும்பும் வழியிலேயே செய்தியைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று காவல் அதிகாரி, அடையாளம் காட்ட மார்செல்லோவை அழைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவர்களுக்கு முன்பே பாப்பராசோவும் கூட்டமும் அங்கே நிற்கிறார்கள். அந்த அம்மையார் தெருவில் வருகிறார். கேமராக்கள் அவரைச் சூழ்ந்து மின்னுகின்றன. தம்மை யாரோ ஒரு நடிகை என்று தவறாக எண்ணிவிட்டார்களோ என்று அவர் குழம்பிச் சிரிக்கிறார். தம் குழந்தைகள் இறந்துவிட்டதை அறியாத ஒரு தாயின் சிரிப்பு அது. கேமராக்காரர்கள் அனைவருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. அந்த அறியாமைக்குத்தான் அங்கே விலை. இன்னும் சில நொடிகளில் அந்த முகம் உடையப்போகிறது. அதற்கு முந்திய படத்துக்கும் பிந்திய படத்துக்கும் தனித்தனி விலை உண்டு.

இப்படத்தில் ஆபாசம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், நான் சுட்டுவது இவ்விடத்தை. இங்கே எவரும் மது அருந்தவில்லை, எவரும் ஆடை களையவில்லை. பட்டப்பகலில், நடுத்தெருவில் நடக்கிறது.

இதைப் படிக்கும் நம்முள் எத்தனை பேருடைய கைப்பேசியில், விபத்தில் சிக்கியவரின் படமோ, பிள்ளையை இழந்து கதறும் தாயின் காணொளியோ இந்த நிமிடம் இருக்கிறது? “துஆ செய்யுங்கள்” என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் அதை நாலு குழுமங்களுக்கு அனுப்புவது நன்மையாகிவிடும் என்று யார் நமக்குச் சொன்னது? அந்தத் தாயிடம் அனுமதி கேட்டோமா? அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று அனுமதி கேட்டு, கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தில் பயிற்றுவிக்கப்பட்ட சமுதாயம் இது.

சமயத்தைப் பற்றிய பகுதியும் படத்தில் உண்டு. நகருக்கு வெளியே ஒரு திடலில், அன்னை மரியாளைக் கண்டதாக இரண்டு குழந்தைகள் சொல்கிறார்கள். தொலைக்காட்சிக் குழுவினர் வந்து விளக்குக் கம்பங்களை நடுகின்றனர். புகைப்படக்காரர்கள் அக்குடும்பத்தாரை நிற்கவைத்து, எப்படிக் கைகூப்ப வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துப் படமெடுக்கின்றனர். நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் திரள்கின்றனர். குழந்தைகள் “அதோ” என்று கை நீட்டி ஓடும் திசையெல்லாம் கூட்டம் ஓடுகிறது. மழை கொட்டுகிறது, சூடான விளக்குகள் வெடிக்கின்றன. அங்கிருந்த சிறு மரத்தை அருள்பொருளாக எண்ணிக் கிளை கிளையாகப் பிய்த்து எடுக்கின்றனர். விடியும்போது, குணம் தேடிக் கொண்டுவரப்பட்ட ஒரு நோயாளி அங்கேயே இறந்து கிடக்கிறார்.

இதைப் பார்த்து, “பாருங்கள், அவர்களுடைய மூடநம்பிக்கையை!” என்று சிரிப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். இக்காட்சியில் மூடநம்பிக்கையை விடப் பெரிதாக நிற்பது விளக்குக் கம்பம். நம்பிக்கை உண்மையா பொய்யா என்பது அங்கே வந்த கேமராக்களுக்கு ஒரு பொருட்டேயில்லை. படம் நன்றாக வர வேண்டும், அவ்வளவே. புனித கஅபாவின் முன்னே நின்றுகொண்டு, அதற்கு முதுகு காட்டி, கைப்பேசியைத் தம் முகத்தை நோக்கித் திருப்பும் காட்சி இன்று நாம் அறியாததா? நோன்பு திறப்பதும், ஏழைக்கு ஒரு பொட்டலம் கொடுப்பதும், ஓதக் கற்கும் பச்சிளம் பிள்ளையின் தேம்பலும் கேமராவுக்காக இரண்டு முறை நடத்தப்படுகின்றன. ரியாவைப் பற்றி எத்தனையோ பயான்கள் கேட்டவர்கள்தாம் நாம். பெறுபவரின் கூச்சமும் படத்தில் பதிவாகிறது என்பதைக் கொடுப்பவர் எண்ணிப்பார்ப்பதில்லை. அந்தத் திடலில் குழந்தைகளை மழையில் ஓடவிட்டவர்கள் பெரியவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பிள்ளைகளைக் கொண்டு காணொளித் தளம் நடத்தும் பெற்றோர் அக்காட்சியை ஒருமுறை எண்ணிப்பார்க்கட்டும்.

இன்னொரு சிறு காட்சியும் என் நினைவை விட்டு அகலுவதில்லை. பிரபுக்களின் பழைய மாளிகையொன்றில் இரவெல்லாம் கேளிக்கை. விடியலில் களைத்துத் திரும்புகையில், அவ்வீட்டின் முதிய தாய், பாதிரியார் முன்னே செல்ல, பூசைக்குப் போகிறார். இரவெல்லாம் கூத்தடித்த பிள்ளைகள் மறுபேச்சின்றி அவர் பின்னால் வரிசையில் சேர்ந்துகொள்கின்றனர். அவர்கள் முகத்தில் வெட்கமும் இல்லை, பக்தியும் இல்லை. வணக்கம் அவர்களுக்கு ஒரு குடும்ப வழக்கம். விருந்து முடிந்த கையோடு ஃபஜ்ருக்கு வந்து நிற்பவரை நாம் குறை சொல்லப் போவதில்லை. வந்தாரே என்று மகிழவே வேண்டும். ஆனால் வருவதும் நிற்பதும் உள்ளத்தைத் தொடாமலேயே ஆண்டுக்கணக்கில் நடக்க முடியும் என்பதற்கு அந்த வரிசையைப்போல் தெளிவான சித்திரம் வேறு நான் கண்டதில்லை.

இவ்வளவு சொன்னதால் ஃபெல்லினியைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட முடியாது. அவர்மீதும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. வெறுமையைக் காட்ட வந்தவர் அதை மிக அழகாகக் காட்டிவிட்டார். நீனோ ரோட்டாவின் இசை, பியரோ கெரார்தியின் ஆடை வடிவமைப்பு, கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவின் மினுக்கம் எல்லாம் சேர்ந்து, கண்டிக்க வேண்டியதை ஆசைப்பட வேண்டியதாக மாற்றிவிட்டன. ஆடை வடிவமைப்புக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. விளைவு என்ன? கண்டனமாக வைத்த பெயர் விளம்பரப் பெயராகிவிட்டது. உணவகங்களுக்கு அப்பெயர், நறுமணப் புட்டிக்கு அப்பெயர். இத்தாலிய மொழியில் கழுத்தை மூடிய கம்பளிச் சட்டைக்கே ‘டோல்சேவீட்டா’ என்று பெயராகிவிட்டது. 1996 டிசம்பரில் மாஸ்ட்ரோயானி இறந்தபோது ட்ரெவி நீரூற்றை நிறுத்திக் கறுப்புத் துணி போர்த்தித் துக்கம் காத்தனர். எந்தப் பிரபல வழிபாட்டைப் படம் பழித்ததோ, அந்த வழிபாட்டுக்கே அதன் நாயகன் ஒரு திருவுருவமானான். பாவத்தைச் சித்தரிப்பவன், தன் சித்திரத்தின் அழகுக்கும் பொறுப்பேற்க வேண்டும். படத்தை முழுக்க ஒதுக்கும் சகோதரர்களின் வாதத்தில் நான் ஏற்கும் பகுதி இது ஒன்றே.

நீரூற்றுக் காட்சியின் முடிவை அறிந்தவர்கள் குறைவு. மார்செல்லோ அந்த நடிகையை நெருங்கும் நொடியில் நீர் சட்டென்று நின்றுவிடுகிறது, விடிந்துவிட்டது. இருவரும் நனைந்த உடையோடு விடுதிக்குத் திரும்புகின்றனர். அங்கே குடித்துவிட்டுக் காத்திருக்கும் அவளுடைய காதலன் அவளை அறைகிறான், மார்செல்லோவையும் அடிக்கிறான். புகைப்படக்காரர்கள் அதையும் படமெடுக்கின்றனர். காபிக் கடைச் சுவர்களில் நீரூற்று இருக்கிறது. அறை விழுந்த காட்சியை எவரும் சட்டமிட்டு மாட்டுவதில்லை.

அந்த வேடத்தில் நடித்த அனிடா எக்பெர்க் ஸ்வீடனில் பிறந்தவர். தொடையெலும்பு முறிந்து, வீடும் கொள்ளைபோய், 2011இல், தம் 80ஆம் வயதில், ரிமினி நகரிலுள்ள ஃபெல்லினி அறக்கட்டளையிடம் பொருளுதவி கேட்டு விண்ணப்பிக்கும் நிலைக்கு ஆளானார். 2015 ஜனவரியில் இறந்தார். அவருடைய ஓர் இரவின் உருவம் உலகெங்கும் விற்றுக்கொண்டே இருந்தது. அவரோ பிறர் உதவியில் இருந்தார்.

பாப்பராசி என்ற சொல்லும் தன் வழியே வளர்ந்தது. 1997 ஆகஸ்ட் 31 அதிகாலையில், பாரிஸ் சுரங்கப் பாதையொன்றில் இளவரசி டயானாவும், எகிப்திய முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்த டோடி ஃபயதும் சென்ற கார் தூணில் மோதியது. புகைப்படக்காரர்கள் வாகனங்களில் பின்தொடர்ந்து வந்திருந்தனர். நொறுங்கிய காரையும் அவர்களுள் சிலர் படமெடுத்தனர். 2008இல் லண்டனில் விசாரித்த நடுவர் குழு, மது அருந்தியிருந்த காரோட்டியின் கடும் அலட்சியத்தோடு, பின்தொடர்ந்த வாகனங்களின் கடும் அலட்சியத்தையும் மரணத்துக்குக் காரணமாக்கியது. படங்களைக் காசு கொடுத்து வாங்கி வந்த கோடிக்கணக்கான வாசகர்கள்மீது எந்த நடுவர் குழுவும் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, அந்த விசாரணை நடக்கும் மன்றம் வேறு.

“அப்படியானால் கேமராவையே வீட்டை விட்டு வெளியேற்றிவிடலாமா?” என்று ஒரு சகோதரர் கேட்கக்கூடும். திருமணத்தில் குடும்பத்தார் தமக்கென எடுத்துக்கொள்ளும் படத்தையோ, தொலைவில் இருக்கும் பாட்டிக்குப் பேரனின் முகத்தைக் காட்டுவதையோ நான் குறிப்பிடவில்லை. அவற்றில் பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் உறவு இருக்கிறது. மார்செல்லோவின் ரோமில் அந்த உறவு அறுந்துபோயிருந்தது. படத்தின் முடிவில், விடியற்காலைக் கடற்கரையில், மீனவர்கள் இனம் தெரியாத ஒரு பெரிய மீனை இழுத்துப் போடுகின்றனர். செத்த மீன், ஆனால் அதன் கண் திறந்தே இருக்கிறது. விருந்தினர் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்க்கின்றனர். சற்றுத் தொலைவில், நீரோடைக்கு அப்பால், மார்செல்லோ முன்பு ஒருநாள் எழுத முயன்று அமர்ந்திருந்த உணவு விடுதியில் வேலை செய்த பாவ்லா என்ற சிறுமி நின்று அவனை அழைக்கிறாள். அவள் சொல்வது அலையோசையில் கேட்கவில்லை. அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கூட்டத்தோடு போய்விடுகிறான். முதற்காட்சியில் இயந்திரம் இரைந்தது; இங்கே கடல் இரைகிறது. இரண்டுக்கும் இடையே மூன்று மணி நேரம் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். எவரையும் கேட்கவில்லை.

ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால், நீரூற்றைப் பற்றி வாதாடிக் கொண்டிராதீர்கள். தெருவில் நடந்து வந்த அந்தத் தாயைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் சிரித்ததையும், எதிரே நின்ற அத்தனை பேருள் ஒருவர்கூடக் கேமராவைத் தாழ்த்தவில்லை என்பதையும் சொல்லுங்கள். பிறகு, அன்று காலை உங்கள் குடும்பக் குழுமத்துக்கு வந்த காணொளியைத் திறப்பதா வேண்டாமா என்று அவர்களிடமே கேளுங்கள்.